வெள்ளைப் பூச்சுக்குள் தீயின் நிறம்: ஜப்பானின் ஷினோ மதுக்கிண்ணம்

சாக்கே என்பது ஜப்பானியர் அரிசியிலிருந்து உண்டாக்கும் மது. ஆவியில் வேகவைத்த அரிசியின்மேல் கோஜி என்னும் பூஞ்சையைப் படரவிட்டு, அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டிருக்கும்போதே அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும்படி செய்வது இதன் முறை. இப்படிக் கிடைக்கும் மது பெரும்பாலும் 15 அல்லது 16 விழுக்காடு ஆல்கஹால் கொண்டதாக, நீரைப்போலத் தெளிவாகவோ சற்றே பொன்னிறமாகவோ இருக்கிறது. குளிரவைத்தும் சூடாக்கியும் பருகப்படும் இந்த மதுவுக்கு ஏறத்தாழ ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர் வீதம் வெப்பநிலைப் பெயர்கள் வழக்கில் உள்ளன; 40 டிகிரி செல்சியசில் அது நூருகான், 50 டிகிரியில் அட்சுகான். பருகும் பொருளின் சூட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் சமூகம், அதை ஊற்றிக் குடிக்கும் கலத்தையும் அதே அக்கறையுடன் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

கலங்களில் மூன்று வகை முதன்மையானவை. திருமணச் சடங்கில் மணமக்கள் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறாகப் பருகும்போது பயன்படும் தட்டையான சகாசுகி ஒன்று. தொக்குரி என்னும் குறுகிய கழுத்துள்ள குடுவையிலிருந்து சூடான சாக்கேயை ஊற்றி இரண்டு மூன்று மிடறில் குடித்துமுடிக்கும் சின்னஞ்சிறு ஓச்சோக்கோ இன்னொன்று. அதைவிடச் சற்றுப் பெரிதாக, உள்ளங்கையில் அடங்கும் அளவில், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் வனையப்படும் குயினோமி மூன்றாவது. இவை தவிர, மது ஆலைகளிலும் போட்டிகளிலும் தரம் பார்ப்பவர்கள் கையாளும் வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றும் உண்டு. 180 மில்லிலிட்டர் கொள்ளும் அதன் அடியில் இரண்டு நீல வளையங்கள் வரையப்பட்டிருக்கும், அந்த வளையங்களின் ஓரம் எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்பதை வைத்து மதுவின் தெளிவையும், இடையிலுள்ள வெண்மையின்மேல் அதன் நிறத்தையும் மதிப்பிடுவார்கள். அது ஓர் அளவுகருவி. இந்தக் கட்டுரையின் பொருளான ஷினோ குயினோமியும் வெள்ளைதான் என்றாலும், அதில் ஊற்றி எந்த மதுவின் தெளிவையும் ஒருவரால் தீர்மானிக்க முடியாது. ஏனெனில் அதன் வெண்மை ஓரிடத்தில் இருப்பதுபோல மற்றோரிடத்தில் இருப்பதில்லை.

ஷினோ என்பது ஒரு கண்ணாடிப் பூச்சின் பெயரும், அந்தப் பூச்சிட்ட கலங்களின் பெயருமாகும். மண்கலத்தின்மேல் கல்தூளையோ சாம்பலையோ நீரில் குழைத்துப் பூசிச் சூளையிலிட்டால், அது உருகிக் கண்ணாடிபோல ஒட்டிக்கொண்டு கலத்துக்கு மினுக்கத்தைத் தருகிறது. இத்தகைய பூச்சுக்கு மூன்று பொருள்கள் தேவை: கண்ணாடியாக மாறும் சிலிக்கா, உருகியது வழிந்தோடாமல் பிடித்துவைக்கும் அலுமினா, சிலிக்காவைக் குறைந்த வெப்பத்திலேயே உருகச் செய்யும் பொட்டாசியம், சோடியம் முதலிய காரப்பொருள்கள். பெரும்பாலான குயவர்கள் இவற்றைப் பல மூலங்களிலிருந்து எடுத்து அளந்து கலக்கிறார்கள். ஷினோவின் தனித்தன்மை, மூன்றும் இயற்கையிலேயே சேர்ந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் ஒரே கனிமத்தை, அதாவது கிரானைட் கல்லை உடைத்தால் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும் பகுதியை, ஏறக்குறைய வேறெதுவும் சேர்க்காமல் பூச்சாக்குவதில் இருக்கிறது. பொருள் பட்டியல் இவ்வளவு சுருக்கமாக இருப்பதால் செய்முறையும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. கலப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது திருத்துவதற்கும் ஒன்றும் இல்லை, எல்லாம் தடிமனிலும் தீயிலும்தான் இருக்கிறது.

ஃபெல்ட்ஸ்பார் ஏறத்தாழ 1200 டிகிரிக்கு மேல் உருகினாலும் தேன்போல ஓடுவதில்லை. கெட்டியான கூழாக நின்றுவிடுகிறது. அதனுள் உண்டாகும் வளிக்குமிழிகள் எளிதில் வெளியேற முடியாமல் அகப்பட்டுக்கொள்வதால் பூச்சு ஊடுருவிப் பார்க்க முடியாத பால்வெண்மையாகிறது. மேற்பரப்புவரை வந்து வெடிக்கும் குமிழிகள் ஊசியால் குத்தியதுபோன்ற நுண்துளைகளை விட்டுச் செல்கின்றன. அவ்வாறு துளைபட்ட பரப்பை ஜப்பானியர் யுசு என்னும் எலுமிச்சை இனக் கனியின் தோலோடு ஒப்பிட்டுப் பாராட்டுகிறார்கள். காரப்பொருள் மிகுந்த இந்தப் பூச்சு ஆறும்போது அடியிலுள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் பரப்பெங்கும் மயிரிழை வெடிப்புகள் படர்கின்றன. தடித்துப் பூசிய இடங்களில் சில வேளை பூச்சு பிளந்து ஒதுங்கி, உள்ளிருக்கும் மண்ணைத் திட்டுத்திட்டாகக் காட்டும். நுண்துளை, வெடிப்பு, ஒதுங்கல் ஆகிய மூன்றையும் ஒரு தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டாளர் குறையென்று குறித்துக் கலத்தைக் கழித்துவிடுவார். ஷினோவை விரும்புபவரோ அவற்றுக்காகவே அதைத் தேடிப் போகிறார். குறையை மெச்சுவது வெறும் பாசாங்கு என்று தோன்றலாம். ஆனால் எல்லாத் துளையும் அழகல்ல என்பதை நல்ல குயவர்கள் நன்கு அறிவார்கள். சூளையிலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதியைத் தாமே உடைத்துவிடும் குயவர்கள் அங்கே அரிதல்ல.

ஷினோ பிறந்த இடம் நடு ஜப்பானின் மினோ வட்டாரம். இன்றைய கிஃபு மாநிலத்தின் தென்பகுதியில் தாஜிமி, தோக்கி, கானி ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள குன்றுப் பகுதி அது. அங்கே கிடைக்கும் மொகுசா என்னும் வெளிறிய, மணற்பாங்கான களிமண்ணில் இரும்பு குறைவு, குழைவும் குறைவு. சக்கரத்தில் மெலிதாக இழுத்தால் கிழிந்துவிடும் அந்த மண்ணில் சுவர்கள் தடித்தே அமைகின்றன. ஆயினும் சுட்ட பிறகும் அது முழுவதும் இறுகாமல் நுண்ணிய இடைவெளிகளோடு நிற்பதால், தடித்த கலம் கைக்கு எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்கிறது. பூச்சிட்ட கலங்களை, தீநாக்கும் சாம்பலும் நேரே படாதபடி, சுடுமண் பெட்டிகளுக்குள் அடைத்துச் சூளையில் அடுக்குவது பழைய முறை. விறகுச் சூளையில் நாள்கணக்கில் மெல்ல மெல்ல வெப்பத்தை ஏற்றி, உச்சத்தில் வெகுநேரம் நிறுத்தி, பிறகு அதே அளவு பொறுமையுடன் ஆறவிட வேண்டும். மண்ணிலுள்ள சிறிதளவு இரும்பு, பூச்சு மெல்லியதாக உள்ள இடங்களில் ஆறும்போது காற்றோடு கூடிச் செந்நிறமாகப் பூக்கிறது. தீநிறம் என்று குயவர்கள் சொல்லும் அந்தச் செம்மையைத் தூரிகையால் தீட்டிக் கொண்டுவர இயலாது. அவசரமாக ஆறிய சூளையிலும் அது வருவதில்லை.

ஓவியம் ஏதுமற்ற ஒரு ஷினோ குயினோமியை எடுத்துக் கூர்ந்து பார்த்தால் இவையனைத்தும் ஓர் அங்கை அகலத்துக்குள் அடங்கியிருப்பதைக் காணலாம். வாய்விளிம்பு முழுவட்டமாக இராது. மலைத்தொடரின் கோடுபோல ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கும், பருகுபவர் தம்மையறியாமல் தாழ்ந்த இடத்தை உதட்டுக்குத் திருப்பிக்கொள்வார். விளிம்பில் பூச்சு மெலிந்திருப்பதால் அங்கே ஒரு செங்கோடு ஓடும். அதற்குச் சற்றுக் கீழே வெண்மை திரண்டு மென்மையாகும். இடுப்பில் துளைகள் நெருங்கும். அடிப்பாகத்தில் பூச்சு ஒழுங்கின்றி நின்றுபோய் மண் வெளித்தெரியும். கலத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பூச்சுக் குழம்பில் தோய்க்கும்போது குயவரின் விரல்கள் பட்ட இடத்தில் பூச்சு ஏறாமல், இரண்டு மூன்று விரற்பதிவுகள் செம்பழுப்பாகத் தங்கியிருப்பதும் உண்டு. கீழே குயவர் சிறு கத்தியால் செதுக்கிய வளைய அடி இருக்கும். கலம் பார்க்கத் தெரிந்தவர்கள் கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பார்ப்பது அந்த அடியைத்தான், ஏனெனில் மண்ணின் தரமும் கையின் தயக்கமும் பூச்சு மறைக்காத அந்த இடத்தில்தான் தெரியும்.

வெண்ணிறம் தவிர வேறு வகைகளும் ஷினோவில் உண்டு. இரும்பு கலந்த வண்ணத்தால் புல், வேலி, நாணல் போன்றவற்றைச் சில கோடுகளில் வரைந்து அதன்மேல் பூச்சிடுவது ஓவிய ஷினோ. மண்ணின்மேல் தூரிகையால் வரைந்து வெண்பூச்சின் கீழ் அதைக் காட்டும் முறை ஜப்பானியக் கலங்களில் இங்கேதான் தொடங்கியது என்பர். கலம் முழுவதும் இரும்புச் சேற்றைப் பூசி, அதை மூங்கில் குச்சியால் கீறி உருவம் வரைந்து, பிறகு ஃபெல்ட்ஸ்பாரில் தோய்த்தால் சாம்பல் நிறப் பரப்பில் வெள்ளைக் கோடுகள் எழும் எலிநிற ஷினோ கிடைக்கிறது. அதே முறையில் செம்மை ஓங்கினால் அது சிவப்பு ஷினோ.

இந்தப் பூச்சு தோன்றியது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், மொமோயாமா என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் குறுகிய காலத்தில். போர்த்தலைவர்கள் நாட்டை ஒருகுடைக்கீழ்க் கொண்டுவந்த அந்தக் காலத்தில் தேநீர்ச் சடங்கு அரசியலோடும் பிணைந்து வளர்ந்தது. 1591இல் மறைந்த சென் நோ ரிக்யூ எளிமையையும் கருமையையும் போற்றினார் என்றால், அவர் மாணவரும் படைத்தலைவருமான ஃபுருதா ஓரிபே கோணலையும் துணிச்சலான உருவையும் விரும்பினார். சீன, கொரிய வெள்ளைக் கலங்களின்மேல் ஆசை மிகுந்திருந்தும் ஜப்பானில் பீங்கான் செய்யும் கல் இன்னும் கண்டறியப்படாத காலம் அது. அரிட்டா பகுதியில் கொரியக் குயவர்கள் பீங்கான் செய்யத் தொடங்கியது 1610களில்தான். கைக்கெட்டாத அந்த வெண்மையை உள்ளூர்க் கல்லைக்கொண்டு எட்டிப்பிடிக்க மினோ குயவர்கள் முயன்றதன் விளைவே ஷினோ என்று பலரும் கருதுகிறார்கள். சரிவில் பாதி புதைத்துக் கட்டிய ஓகாமா என்னும் ஒற்றையறைப் பெருஞ்சூளை விறகைத் தின்றாலும், மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் அதன் இயல்பு இந்தப் பூச்சுக்கு வாய்ப்பாக அமைந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கராட்சு பகுதியிலிருந்து பல அறைகள் கொண்ட ஏறுசூளை மினோவுக்கு வந்தது. அதில் விறகும் நேரமும் மிச்சம். ஆனால் விரைந்து எரிந்து விரைந்து ஆறிய அந்தச் சூளையில் பூச்சு மெலிந்து தெளிந்தது, பழைய பால்வெண்மையும் தீநிறமும் போயின. பச்சைப் பூச்சிட்ட ஓரிபே கலங்கள் நாகரிகமாயின. முப்பது நாற்பது ஆண்டுகளில் மொமோயாமா ஷினோவின் காலம் முடிந்தது. திறமான சூளை ஒன்று நல்ல கலம் ஒன்றைத் தொலைத்த கதை என்று இதைச் சொல்லலாம்.

அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள், எஞ்சிய ஷினோ கலங்கள் செல்வர் வீட்டுப் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன, அவை எங்கே எப்படிச் செய்யப்பட்டன என்ற அறிவு மட்டும் இல்லாமற்போயிற்று. மினோவுக்கு அண்டையிலுள்ள புகழ்பெற்ற குயவூரான செத்தோவில் செய்யப்பட்டவை என்றே எல்லாரும் நம்பினார்கள். 1930இல் இந்த நம்பிக்கை உடைந்தது. அப்போது, சமையற்கலைஞரும் கலைஞருமான கிடாஓஜி ரோசான்ஜினின் காமாகுரா சூளையில் பணியாற்றிக்கொண்டிருந்த தாஜிமிக்காரர் அராகாவா தோயோசோவுக்கு, கண்காட்சி ஒன்றுக்காக நகோயாவுக்குச் சென்றிருந்தபோது, மூங்கில் குருத்து வரைந்த பழைய ஷினோ தேநீர்க் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதன் வளைய அடியில், சூளையில் கலத்தைத் தாங்கிய பொருளிலிருந்து ஒட்டிக்கொண்ட செம்மண் துணுக்கு ஒன்றை அவர் கவனித்தார். செத்தோவின் மண் அப்படி இராது என்பது குயவரான அவருக்குத் தெரியும். ஓரிரு நாளில் அவர் தம் சொந்த வட்டாரத்தின் ஓகாயா குன்றுகளுக்குச் சென்று, முதாபோரா என்னும் இடத்தில் சிதைந்துகிடந்த பழைய சூளையடியைக் கிளறியபோது, அதே மூங்கில் குருத்து வரைந்த உடைந்த ஓடு ஒன்று கிடைத்தது. ஷினோ பிறந்தது செத்தோவில் அன்று, மினோவில் என்பதற்கு அந்த ஒற்றை ஓடு சான்றாயிற்று. இன்று ஜப்பானில் செய்யப்பட்ட தேநீர்க் கிண்ணங்களுள் தேசியப் பெருஞ்செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை இரண்டே. அவற்றுள் ஒன்றான ஊனோஹானாகாகி, டோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ள ஓவிய ஷினோ கிண்ணம், முதாபோரா சூளையில் சுடப்பட்டது என்றே கொள்ளப்படுகிறது.

அராகாவா அத்தோடு நிற்கவில்லை. 1933இல் அதே ஓகாயாவில் பழைய முறைச் சூளையைத் தாமே கட்டி, உள்ளூர் மண்ணையும் கல்லையும் சோதித்து, ஓடுகளை மட்டுமே ஆசிரியராகக்கொண்டு தொலைந்த பூச்சை மீட்டெடுக்க ஆண்டுக்கணக்கில் முயன்றார். 1955இல் அரசு அவரை ஷினோவுக்கும், செத்தோகுரோ என்னும் கரும்பூச்சுக்கும் உரிய அருங்கலைக் காவலராக, மக்கள் வழக்கில் வாழும் தேசியச் செல்வமாக, அறிவித்தது. அதே பட்டத்தை ரோசான்ஜின் மறுத்துவிட்டார். ஷினோவில் பெயர்பெற்ற இன்னொரு மேதை கதோ தோகுரோவின் வாழ்க்கையோ வேறுவகையில் திரும்பிற்று: பதின்மூன்றாம் நூற்றாண்டினது என்று 1959இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட ஒரு சாடி உண்மையில் தாம் செய்தது என்று அவர் கூற, 1961இல் அந்த அறிவிப்பு நீக்கப்பட்டு, நிபுணர்கள் தலைகுனிய நேர்ந்தது. பழைமையின் மதிப்பு எவ்வளவு கலத்தில் இருக்கிறது, எவ்வளவு சான்றிதழில் இருக்கிறது என்ற கேள்வியை ஜப்பானியக் கலையுலகம் இன்றும் அந்தச் சாடியை நினைத்தே கேட்கிறது. தோக்கியில் பிறந்த சுசுகி ஒசாமு 1994இல் ஷினோவுக்காக வாழும் தேசியச் செல்வமானார். அவர் விறகை விட்டு எரிவாயுச் சூளையிலேயே ஷினோவைச் சுடுகிறார் என்பது, இந்தப் பூச்சின் உயிர் விறகில் இல்லை, வெப்பத்தை ஆளும் விதத்தில் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று. அமெரிக்கக் குயவர்களும் 1970கள் தொடங்கி, சோடாச் சாம்பல் சேர்த்துத் தமக்கென ஒரு ஷினோவை வளர்த்தெடுத்தார்கள். அது கரியைப் பூச்சுக்குள் சிறைப்பிடித்துக் கருமேகம் காட்டும், ஜப்பானிய ஷினோவோடு பெயரளவில்தான் நெருக்கம்.

ஷினோ பழையது, ஷினோ குயினோமி அவ்வளவு பழையதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். மொமோயாமா குயவர்கள் அதிகமாகச் செய்தவை தேநீர்க் கிண்ணங்களும், தேநீர் விருந்தில் தொடுகறி பரிமாறும் முகோசுகே என்னும் சிறு கலங்களும், தட்டுகளுமே. இன்று பழைய ஷினோ குயினோமி என்று போற்றப்படுபவற்றுள் பல, அளவில் பொருந்தியதால் பின்னாளில் மதுவுக்கு மாற்றிக்கொள்ளப்பட்ட முகோசுகேக்கள். ஒன்றுக்கென்று செய்ததை மற்றொன்றுக்குப் பொருத்திப் பார்த்து எடுத்தாள்வது தேநீர் மரபில் மதிக்கப்படும் திறமை. குயினோமியைத் தனி வடிவமாகக் கருதிப் பெயர்பெற்ற குயவர்கள் அதில் கருத்தைச் செலுத்தியதும், அதைச் சேகரிப்பவர்கள் பெருகியதும் இருபதாம் நூற்றாண்டில்தான். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரே குயவரின் தேநீர்க் கிண்ணத்தைவிடக் குயினோமி விலையில் வெகுவாகக் குறைவு. தேநீர்ச் சடங்கு பயிலாதவரும் அதை அன்றாடம் பயன்படுத்தலாம்.

பயன்படுத்துவதே அதன் பயன். உள்மண் முழுவதும் இறுகாததாலும் பூச்சில் வெடிப்பு இருப்பதாலும், ஷினோ கிண்ணம் ஊற்றிய மதுவைச் சிறிதளவு உறிஞ்சுகிறது. நாளடைவில் வெடிப்புக் கோடுகள் நிறம் ஏறி, வெண்மை கனிந்து, செம்மை ஆழமாகிறது. இதைக் கிண்ணத்தை வளர்ப்பது என்றே ஜப்பானியர் கூறுகிறார்கள். ஆனால் எண்ணெயும் கறையும் ஒழுங்கின்றி ஏறிவிட்டால் அந்த முதிர்ச்சி அழுக்காகிவிடும் என்பதால், புதுக் கிண்ணத்தை அரிசி கழுநீரில் இட்டு மெல்லக் கொதிக்கவைத்து, மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும்படி செய்வது அங்கே பழைய வழக்கம்; புது மண்சட்டியைக் கழுநீரும் கஞ்சியும் ஊற்றிப் பழக்கும் தமிழ் வீடுகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு முறையும் மதுவை ஊற்றுமுன் கிண்ணத்தைச் சிறிது நேரம் வெந்நீரிலோ தண்ணீரிலோ அமிழ்த்தி எடுத்தால், மண் முதலில் நீரைக் குடித்துவிடுவதால் கறை ஏறுவது குறையும். நனைந்த பூச்சின் நிறமும் துலங்கும். சூடான சாக்கேக்குத் தடித்த ஷினோ மிகப் பொருத்தம்: உட்சூட்டை மெல்லவே விரல்களுக்கு விடும், உதட்டில் கூர்மை உறுத்தாது. நறுமணம் மிகுந்த குளிர்ந்த வகைகளுக்கு மெல்லிய பீங்கானோ கண்ணாடியோதான் ஏற்றது; எல்லாவற்றுக்கும் ஷினோவே சிறந்தது என்று சொல்பவர் கிண்ணத்தை நேசிக்கிறார், மதுவை அல்ல.

ஜப்பானில் செய்யப்படும் சாப்பாட்டுக் கலங்களில் ஏறத்தாழ பாதி இன்றும் மினோ வட்டாரத்திலிருந்தே வருகிறது. அவற்றில் மிகப் பெரும்பகுதி ஆலைப் பொருள். அச்சில் வார்த்து, ஷினோ போன்ற வெண்பூச்சிட்ட கிண்ணங்களும் அவற்றுள் உண்டு. அவை மலிவானவை, மோசமானவை அல்ல. ஆனால் ஒரே அடுக்கில் உள்ள பத்தும் ஒரே இடத்தில் சிவந்திருந்தால் அந்தச் சிவப்பு தீயினால் வந்ததில்லை என்று துணிந்து சொல்லலாம். கையால் செய்ததை வாங்க விரும்புபவர் அடியைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். செதுக்கிய தடமும், பூச்சு நின்ற ஒழுங்கற்ற எல்லையும், குயவரின் முத்திரையோ கீறிய குறியோ அங்கே இருக்கும். பவுலோனியா மரப்பெட்டியில் குயவரே பெயரெழுதிக் கொடுத்திருந்தால் விலை கூடும். குடிப்பதற்கு வாங்குபவருக்குப் பெட்டி தேவையில்லை. ஜப்பான் செல்லும் வாய்ப்புள்ளவர்கள் கானி நகரில் அராகாவா வாழ்ந்து வேலை செய்த ஓகாயாவில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தையும், தோக்கியில் பாதுகாக்கப்படும் மோத்தோயாஷிகி பழஞ்சூளையையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். வாங்கிய கிண்ணத்தைச் சோப்பில் ஊறவைக்காமல் வெந்நீரில் கழுவி, ஓரிரு நாள் நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே மூடிவைத்த ஷினோ கிண்ணத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், அந்த வாடை எளிதில் போகாது.